லாரி அகலத்தில் ஒரு நடைபாதை

எங்கள் தெருவில் அவர் வீட்டுக்கும் என் மருந்துக்கடைக்கும் நடுவே ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, அவ்வளவுதான். அந்தத் தூரத்தைக்கூட அவர் மொபெட்டில்தான் வருவார். வீட்டு வாசலில் உதைத்துக் கிளப்பினால், அது இருமி முடித்து ஓடத் தொடங்குவதற்குள் என் கடை வந்துவிடும். இறங்கமாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, "அம்மிணி, சக்கர மாத்திரை ஒரு அட்டை" என்பார். நான்தான் எழுந்துபோய்க் கொடுக்கவேண்டும். மழைக்காலத்தில் இது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சீட்டிலேயே எழுதியிருக்கிறாரே அண்ணா என்று ஒருநாள் கேட்டேன்.

"நடக்கறதுக்காங்க ஆண்டவன் ரெண்டு காலக் குடுத்தான்? ஒண்ணு கிளச்சுக்கு, ஒண்ணு பிரேக்குக்கு" என்றார். சிரிக்கவில்லை. அவர் சொல்வதில் எது வேடிக்கை, எது நிஜம் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.

நான் சேலம் டவுனில், செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிச் சங்ககிரிக்கு வந்து மெடிக்கல் வைத்தேன். மருந்துச் சீட்டைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. தூக்க மாத்திரை வாங்குகிறவர் கடன்காரரா, கடன் கொடுத்தவரா என்பது வரைக்கும் சொல்வேன். அந்தத் திமிர் செல்லுபடியாகாத ஒரே ஆள் இவர்தான்.

பெயரை எழுதினால் நாமக்கல்லில் இருக்கும் அவர் மகளுக்குச் சங்கடம். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'நேஷனல் பர்மிட்'. லாரியில் அவர் போகாத மாநிலம் இல்லை என்பார்கள். வயதான பிறகு மூன்று வண்டிகளை விற்றுவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருந்தார். ஆறு சக்கரத்துப் பழைய வண்டி. ஓட்டுவதில்லை, வாடகைக்கு விடுவதும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்துக் காலியிடத்தில் தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்தியிருப்பார். வெள்ளிக்கிழமைதோறும் கழுவிப் பொட்டு வைத்து, ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார். தெருவே புகையாகும். கேட்டால், "அதுக்கும் மூச்சு வேணுமல்லங்க" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஊரில் நடைபாதைக் குழுவுக்குத் தலைவரானார் என்றால் யார் நம்புவார்கள்?

எங்கள் ஊரில் காலை நடை என்றால் பைபாஸ் ஓரம்தான். ஒரு பக்கம் சிமென்ட் லோடு, இன்னொரு பக்கம் கோழித் தீவன லோடு, நடுவில் நாங்கள் கையை வீசிக்கொண்டு போவோம். தையல்கடை சரசக்காவை ஒரு மினி லாரி உரசிவிட்டுப் போனது. இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர் எழ மாதக்கணக்கானது. ஊருக்குத் தெற்கே ஒரு கரடு இருக்கிறது. மலை என்று சொல்ல முடியாது. பாறையும் ஊஞ்ச மரமும் கள்ளியும் மயிலுமாக ஒரு மேடு. அதன் மறுபக்கத்தைக் கிராவல் மண்ணுக்காகப் பாதிக்கு மேல் வெட்டித் தின்றாகிவிட்டது. எங்கள் பக்கம் மட்டும் மிச்சம். ஊரார் குழு அமைத்து எழுதிப் போட்டால், இந்த மாதிரி இடங்களில் இயற்கை நடைபாதை அமைக்க அரசாங்கம் மானியம் தருகிறது என்று எங்கள் தேவாலயத்துப் பங்குச் சாமியார் சொன்னார். நான் உடனே பிடித்துக்கொண்டேன். தினம் பத்துப்பேர் நடமாடுகிற இடத்தில் மண் அள்ள எவனும் வரமாட்டான். எங்களுக்கு நடக்க இடம், கரட்டுக்குக் காவல்.

முதல் கூட்டம் பள்ளிக்கூட மரத்தடியில் நடந்தது. இவர் மொபெட்டில் வந்து, அதன்மேல் உட்கார்ந்தபடியே கேட்டார். கடைசியில், "ரோடு போடறதுன்னா நானும் வாரேனுங்க" என்றார். ரோடு இல்லை அண்ணா, நடைபாதை என்றேன். "ஏதோ ஒண்ணு. மண்ணுதானுங்களே" என்றார். ஜேசிபி வைத்திருப்பவர், ரோலர் வைத்திருப்பவர், தண்ணி லாரிக்காரர் எல்லாரும் அவருக்கு ஏதோ ஒரு வகையில் கடமைப்பட்டவர்கள். அதனால் ஒருவர்கூட மறுக்காமல் அவரைத் தலைவராக்கினார்கள். எழுத்து வேலை தெரியும் என்று என்னைச் செயலாளராக்கினார்கள்.

முதல் தவணை வந்தது. வேலையைத் தொடங்கினோம். நான் கடையை விட்டு நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய்ப் பார்ப்பதோடு சரி. முதல் ஞாயிறு போனபோதே தூக்கிவாரிப் போட்டது. வரைபடத்தில் இருந்தது இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கிற அகலம். அங்கே ஒரு லாரி தாராளமாகப் போகும். இரண்டு பக்கமும் மண் அணைத்து, வளைவில் உள்பக்கம் சரிவு கொடுத்து, ரோலர் விட்டுப் பளபளவென்று வைத்திருந்தார்.

"அண்ணா, இது மனுஷன் நடக்கிற பாதை" என்றேன்.

"எதுத்தாப்ல ஆள் வந்தா சைடு குடுக்க வேண்டாங்களா?"

"மனுஷனுக்கு எதுக்கு இவ்வளவு சைடு?"

"குண்டான ஆளா இருந்தாங்க?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அப்போதும் சிரிக்கவில்லை.

பாதை முடிகிற இடத்தில், பெரிய பாறைக்குக் கீழே, களம் மாதிரி வட்டமாகச் சமப்படுத்தி வைத்திருந்தார். இது எதற்கு என்று கேட்டதற்கு, டர்னிங் என்றார். போகிறவர்கள் திரும்ப வேண்டாமா என்று என்னையே கேட்டார். மனுஷன் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொள்வான் அண்ணா என்றேன். அதைக் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "அது செரிதான்" என்று ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் அந்த வட்டம் இன்னும் பெரிதாகியிருந்தது.

ஆனால் ஒரு மரத்தைக்கூட வெட்டவிடவில்லை. குறுக்கே நின்ற ஊஞ்ச மரத்தைத் தள்ளிவிடலாம் என்று ஜேசிபிக்காரர் சொன்னபோது, அவரை இறங்கச் சொல்லிவிட்டு, மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாதையை வளைத்தாராம். மொபெட்டில் உட்கார்ந்தபடியேதான், சுண்ணாம்பு டப்பாவைக் கையால் சாய்த்துக்கொண்டே. அந்த வளைவு இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது.

மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கவேண்டும் என்பது மானியத்தின் நிபந்தனை. லாரிகளுக்குப் பின்னால் எழுதுகிற பெயின்டரிடம் அந்த வேலையைக் கொடுத்தார். வேப்பமரத்துப் பலகையில் மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல், இரண்டு மூலையிலும் தாமரை. மயில்கள் தண்ணிக்கு இறங்கும் இடத்தில் 'மயில் கடக்கும் இடம், மெதுவாகச் செல்லவும்' என்று ஒன்று. ஊஞ்ச மரத்து வளைவில் 'ஒலி எழுப்பவும்' என்று ஒன்று. நடந்து போகிறவர் என்ன ஒலி எழுப்புவது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "இருமிக்கலாமுங்க" என்றார்.

திரும்புவதற்கு இடம் விடுவதில் அவருக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரிந்தது அல்லது தெரிந்ததாக நான் நினைத்தது ஒரு மழைநாளில்தான். கடை வாசலில் மொபெட்டை நிறுத்தி, கூரைக்கடியில் ஒதுங்கிக்கொண்டு சொன்னார். கொல்லிமலையில் அன்னாசி ஏற்றப் போனபோது முன்னால் பாதை சரிந்து கிடந்ததாம். திருப்ப இடமில்லை. பனி. பின்னால் கிளீனர் நடந்துகொண்டே வண்டியின் பாடியைத் தட்டித் தட்டி வழி சொல்ல, அந்தச் சத்தத்தை மட்டும் நம்பி ரிவர்ஸில் இறங்கினாராம். ஒரு வளைவில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் கிளீனர் ஒதுங்கப் போயிருந்தான் என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

பல மாதம் கழித்து அதே கதையைச் சரசக்காவிடம் சொன்னார், நானும் பக்கத்தில் இருந்தேன். இந்தத் தடவை மகாராஷ்டிரத்து மலை, வெங்காய லோடு. சத்தம் நின்றபோது கிளீனர் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடந்தான். மூன்றாவது தடவை என்னிடம் மட்டும் சொன்னார். எந்த மலை என்று சொல்லவில்லை. அதில் வண்டி ஓட்டியது அவருடைய அண்ணன். பின்னால் தட்டிக்கொண்டு போன கிளீனர் இவர். "அப்ப நான் தட்டறத நிறுத்திட்டனுங்க அம்மிணி" என்றார். ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்பதற்குள் இருமல் மருந்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் மொபெட் போய்விட்டிருந்தது. அவருக்கு ஓர் அண்ணன் இருந்தாரா என்று ஊரில் விசாரித்தேன். இருந்தார் என்றார்கள் சிலர். அது சித்தப்பா மகன் என்றார்கள் சிலர். மூன்றில் எது உண்மையோ, ஒன்றுமே உண்மையில்லையோ.

பாதை தயாரானது. மேலே பாறை வரைக்கும் கற்படி, உட்கார பெஞ்சு, நிழல்கூரை எல்லாம் இரண்டாம் தவணையில். அதற்கு முன்னால் தொடக்க விழா வைத்தோம். எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் யாரும் கிளப்புவதில்லை. புதுப் பாதைக்கும் அப்படித்தான் செய்யவேண்டும், முதலில் ஒரு வண்டி போய் வரவேண்டும் என்று அவர் சொன்னபோது, குழுவில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும்தான். உங்கள் மாதாவுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடுங்கள், வண்டிக்கு எல்லாச் சாமியும் வேண்டும் என்றார். ஏற்றினேன்.

அவர் தங்கை வீட்டுக்காரர் அப்போதுதான் புது டிப்பர் லாரி எடுத்திருந்தார். மாலை போட்ட அந்த வண்டியை இவரே ஓட்டினார். எலுமிச்சம்பழம் நசுங்க, பூசணிக்காய் உடைய, 'மயில் கடக்கும் இடம்' பலகையைத் தாண்டி மெதுவாகப் போய், அந்த வட்டத்தில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே ஒடிப்பில் திரும்பி வந்தார். கூட்டம் கைதட்டியது. அந்தப் படத்தைத்தான் 'இயற்கை நடைபாதை தொடக்க விழா' என்று எழுதித் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பினோம். படம் முழுக்க லாரி. பாதை தெரியும்படி வேறு படம் அனுப்பவும் என்று பதில் வந்தது.

அந்தத் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். கரட்டின் மறுபக்கம் மண் எடுக்க அனுமதி வைத்திருந்தவர் அவர்தான். அது ஊருக்கே தெரியும். தெரிந்தும் அன்றைக்கு யாரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

சில வாரம் நன்றாகத்தான் நடந்தோம். சரசக்கா கோலை ஊன்றிக்கொண்டு ஊஞ்ச மரம் வரைக்கும் வருவார். பிறகு ஒருநாள் காலை பாதையில் டயர் தடம். மறுநாள் இன்னும் நிறைய. டர்னிங்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். கரட்டின் இடுப்பில் சிவப்பாக, ஒரு வீடு கட்டும் அளவுக்குக் குடைந்திருந்தார்கள். ரோலர் விட்டு இறுக்கிய பாதை, சரிவு கொடுத்த வளைவு, திரும்ப இடம். மண் லாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? காவல் இருக்கட்டும் என்று போட்ட பாதை திருட்டுக்கு வாசலாகிவிட்டது. புகார் கொடுத்தோம். வந்து பார்த்தவர்களிடம், இது மறுபக்கத்து மண், அனுமதி இருக்கிறது என்று தாளைக் காட்டிவிட்டார்கள்.

ஊர் பேசத் தொடங்கியது. நேஷனல் பர்மிட் சும்மாவா அகலமாகப் போட்டார், எல்லாம் மச்சானுக்காகத்தான், அரசாங்கப் பணத்தில் சொந்தக்காரனுக்கு ரோடு போட்டுவிட்டார் என்றார்கள். நான் அதை நம்பவில்லை. அரை மணி நேரம் கழித்து நம்பினேன். மறுபடி நம்பவில்லை. மாத்திரை வாங்க அவர் வந்தபோது, மண் அள்ளுவது உங்கள் மச்சான் வண்டியா என்று நேராகவே கேட்டேன். "ஆமாங்க, அவன் வண்டிதான்" என்றார். அவ்வளவுதான். மறைக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வார வெள்ளிக்கிழமை வழக்கம்போல அவர் வண்டி உறுமியது. அணைக்கும் நேரம் தாண்டியும் அணையவில்லை. எட்டிப் பார்த்தால் தார்ப்பாய் இல்லாமல், பொட்டும் பூவுமாக அது தெருவில் போய்க்கொண்டிருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் இரண்டு பாறை உண்டு. அவற்றுக்கு நடுவில் வண்டியைக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினார். பஞ்சர் கடைக்காரரை வைத்து ஜாக்கி போட்டு, ஆறு சக்கரத்தையும் கழற்றினார். அடியில் கல் அடுக்கி உட்காரவைத்துவிட்டார். சக்கரங்கள் தட்டுரிக்ஷாவில் வீட்டுக்குப் போயின. வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் ஓர் ஆள் போகும் சந்து மட்டும்தான். அதற்குப் பிறகு மண் வண்டி எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை.

அவருடைய தங்கை வந்து வாசலில் நின்று அழுதது என் கடைக்குக் கேட்டது. "என்ற பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணா. வண்டிக்குத் தவணை யாரு கட்டுவா?" என்று கேட்டார் அந்த அம்மா. இவர் வெளியே வரவில்லை. இனி உங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன தங்கை, அதேபோல மிதிக்கவும் இல்லை.

இதற்குப் பிறகாவது ஊர் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. மச்சானுக்கு வேண்டிய மண் கிடைத்துவிட்டது, இப்போது நல்லவர் வேஷம் என்றார் டீக்கடைக்காரர். பழைய வண்டியை நிறுத்த இடமில்லை, அதனால் பாதையில் தள்ளிவிட்டார் என்றார் இன்னொருவர். சரசக்கா மட்டும், அந்த வண்டியைக் கழற்றியபோது அவர் முகத்தைப் பார்த்தாயா என்று என்னைக் கேட்டார். நான் பார்க்கவில்லை. கடையில் கூட்டம்.

அடுத்து ஆய்வுக்கு அதிகாரி வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரி. சந்தில் பக்கவாட்டாக நுழைந்து, டர்னிங் வரைக்கும் நடந்து, மயில் பலகையைப் படம் எடுத்தார். திரும்பி வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் நடைபாதையில் வாகனம் நிற்கக்கூடாது, அதை எடுத்துவிட்டுப் படம் அனுப்பினால்தான் இரண்டாம் தவணைக்கு எழுத முடியும் என்றார். எடுத்தால் மண் லாரி வரும் என்று சொன்னேன். அது வேறு துறை அம்மா என்றார். அவர்மேல் தப்பில்லை.

குழு கூடியது. முதலில் பணத்தை வாங்கி வேலையை முடிப்போம், பிறகு வேறு தடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். கிரேன் வைத்து இழுத்துவிடலாம் என்றார் ஒருவர். எங்கள் ஊரில் வண்டிக்காரர் சொல்லாமல் அவர் வண்டியைத் தொட எந்தக் கிரேன்காரரும் வரமாட்டார். ஆகவே, போய்ப் பேசிச் சக்கரத்தை மாட்டச் சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். நீ கேட்டால் மறுக்கமாட்டார் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தப் பணம் வரவில்லை. கற்படி இல்லை, பெஞ்சு இல்லை, பாதை டர்னிங்கோடு நிற்கிறது. செயலாளர் பதவியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அவர் நாமக்கல்லில் மகள் வீட்டுக்குப் போய், அங்கேயே காலமும் ஆகிவிட்டார். வண்டி இன்னும் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதன்மேல் ஒரு கொடி ஏறிவிட்டது. கரடும் இருக்கிறது. கேட்கப் போன நான் ஏன் கேட்கவில்லை என்று குழுவில் இருந்தவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். என்னால் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

அன்றைக்கு நான் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஆறு சக்கரத்தையும் அடுக்கி வைத்திருந்தார். காப்பி சாப்பிடுங்கள் அம்மிணி என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதலில் எனக்கு ஒன்று தெரியவேண்டும் என்றேன்.

"பாதைய அகலமாப் போட்டது உங்க மச்சானுக்காகவா அண்ணா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"போட்டப்ப அவன நெனைக்கவே இல்லீங்க அம்மிணி" என்றார். அவராகவே தொடர்ந்தார். "மொத நா அவன் வண்டி மண்ணேத்திக்கிட்டு வந்தப்ப நான் அங்கதான் இருந்தனுங்க. பாத்தேன். அத்தன லோடோட, ஒரே ஒடிப்புல திரும்புச்சு. நல்லாப் போட்டிருக்கறம்னு சந்தோசமா இருந்துச்சு. அப்பறந்தானுங்க கரடு கண்ணுல பட்டுது."

அந்தச் சந்தோஷத்தை அவர் சொன்ன விதத்தில் பொய் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

"எத்தனை நாளுக்கு அப்புறம்?" என்று கேட்டேன்.

அவர் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத மட்டும் கேக்காதீங்க சாமி" என்றார்.

வண்டியை எடுக்கச் சொல்ல வந்தவள், அதைச் சொல்லாமலே எழுந்து வந்தேன்.